பொள்ளாச்சியில் ஒரு கல்யாணக் கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் பொள்ளாச்சியிலிருந்து போன். என் பெரியப்பா மகன் நடராஜ் அண்ணன்.

"அம்மணி, கம்ப்யூட்டரு மறுபடியும் படுத்துக்கிச்சு. சாயங்காலத்துக்குள்ள கார்த்தி ஜாதகத்தை அந்தியூருக்கு அனுப்போணும். கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

கார்த்தி அண்ணனுடைய ஒரே பையன். முப்பத்தாறு முடிந்துவிட்டது. பி.காம். படித்துவிட்டு, வேலை எதற்கும் போகாமல் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். குடி, சீட்டு எதுவும் கிடையாது. அதிர்ந்து பேச மாட்டான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால்—அண்ணன் நடத்துவதே திருமணத் தகவல் மையம்தான். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். மாடிப்படி இறங்கிய பிறகு சொல்லிக்கொள்வார்கள்.

என்னை ஏன் கூப்பிட்டார்? நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒரு தடவை, பிரின்டரில் சிக்கிய பேப்பரை எடுத்த கதையை எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்து சொந்தத்தில் அத்தனை பேருக்கும் நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். ஒரு மில் ஆபீஸில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்து ரிடையர் ஆனவள், அவ்வளவுதான் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

உக்கடத்தில் பஸ் ஏறினேன். வானம் மூட்டமாகவே இருந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. கிணத்துக்கடவு தாண்டியதும் சாலையோரத் தோப்புகளில் மரமெல்லாம் வெள்ளை ஈ பிடித்து, மட்டை கறுத்து நின்றன. இந்தத் தோப்புகளை நம்பித்தானே பெண் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றியது. மனசு அப்போதே கனத்துவிட்டது.

அண்ணனின் மையம் ஒரு உரக்கடைக்கு மேலே, மாடியில். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் மாலையும் கழுத்துமாக ஜோடிகளின் போட்டோ. எல்லாமே பழைய போட்டோ. புதிதாக எதுவும் மாட்டியதாகத் தெரியவில்லை.

அந்தியூர் விஷயத்தை அண்ணன் சொன்னார். பெண் ஈரோட்டில் ஒரு பேங்க்கில் வேலை பார்க்கிறாள். குலக் கூட்டம், குலதெய்வக் கோயில் எல்லாம் விசாரித்தாகிவிட்டது, ஒத்துவருகிறது. பெண்ணின் தாய்மாமன் வெளியூரிலிருந்து வந்திருக்கிறாராம். சாயங்காலத்துக்குள் ஜாதகத்தையும் போட்டோவையும் அனுப்பினால் அவரும் பார்த்துவிடுவார், நாங்கள் போன் செய்யும்போது பையனும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்று பெண்ணின் அப்பாவே போன் செய்து கேட்டிருக்கிறார். ஜாதக நோட்டு உடுமலையில் ஜோசியரிடம் இருக்கிறது. ஸ்கேன் செய்த காப்பி இந்தக் கம்ப்யூட்டருக்குள். கம்ப்யூட்டர் திறக்க மாட்டேன் என்கிறது.

 இந்த ஒரு இடத்தைத்தான் அண்ணன் நம்பிக்கொண்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

சரி, நோய்க்கு வருவோம். ஒரே நாளில் வந்த நோய் இல்லை. யாராவது ஆஃப் செய்து ஆன் செய்தால் கொஞ்ச நாள் ஜோராக ஓடுமாம். அப்புறம் மெல்ல மெல்ல இழுக்கும். ஒரு போட்டோ திறக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதற்கப்புறம் மவுஸ் ஒரு பக்கம், அம்புக்குறி ஒரு பக்கம். கடைசியில் திரை வெளுத்துப்போய், மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி வந்து நடுவில் நிற்கும்.

சர்வீஸ்காரர் ஒருவர் வந்து வைரஸ் என்று சொல்லி எதையோ ஓட்டியிருக்கிறார். தீரவில்லை. ராம் பத்தாது என்று இன்னொன்றைச் சொருகியிருக்கிறார். கொஞ்ச காலம் ஓடி, மறுபடியும் அதே கதை.

ராம் என்றால் என்ன? கம்ப்யூட்டர் வேலை செய்கிற மேஜை, அவ்வளவுதான். ஃபைல்கள் தூங்குவது பீரோவில். வேண்டியதை எடுத்து மேஜையில் பரப்பி, வேலை முடிந்ததும் பீரோவில் வைத்துவிட வேண்டும். வைக்காமலே பரப்பிக்கொண்டு போனால்? மேஜையைப் பெரிதாக்கி என்ன புண்ணியம்?

நானும் முதலில் தப்பான இடங்களில்தான் தேடினேன். ஃபேனில் தூசி இருக்கிறதா? இருந்தது, துடைத்தேன். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? தாராளமாக இருந்தது. தானாகக் கிளம்பும் புரோகிராம்கள் ஏதாவது? பெரிதாக ஒன்றுமில்லை. கடைசியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அது திறப்பதற்குள் அண்ணன் வாங்கிவந்த காபி ஆறிப்போனது.

மெமரி அத்தனையும் காலி. தின்றது யார்? வேறு யாருமில்லை, அண்ணனின் பொருத்தம் பார்க்கிற சாஃப்ட்வேரேதான். யாரோ தெரிந்த பையன் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு வரனுக்கும் தனித்தனியாக ஒரு விண்டோ திறக்கும். அதில் பெரிய போட்டோ, ஜாதகம், தோப்பு வீடு வாசல் படங்கள். அண்ணன் திறந்ததைப் பார்த்துவிட்டு, கீழே இறக்கி வைத்துவிடுகிறார். மூடுவதில்லை. ஒன்றைக்கூட மூடுவதில்லை. இரவு வீட்டுக்குப் போகும்போதும் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறார்.

ஒன்றை மேலே இழுத்தேன். உடுமலைப் பக்கத்து டீச்சர் ஒருத்தி, சிரித்தபடி. இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே என்றேன். எனக்குத் தெரிந்த குடும்பம்.

ஆமாம், குழந்தைகூடப் பிறந்துவிட்டது என்றார் அண்ணன்.

"அப்புறம் ஏனுங்கண்ணா இதை மூடாம வெச்சிருக்கீங்க?"

"அவுங்க இன்னும் பதில் சொல்லலியே, அம்மணி."

கிண்டல் செய்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சொன்னார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வந்த சம்பந்தத்தை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நாக்கு வராது. 'ஊட்டுல கலந்துட்டுச் சொல்லியுடறோமுங்க' என்பார்கள். 'தை பொறக்கட்டுமுங்க' என்பார்கள். 'சாமிகிட்டப் பூ கேட்டுட்டுச் சொல்றோமுங்க' என்பார்கள்—வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா என்று கோயிலில் உத்தரவு கேட்பது இங்கே வழக்கம். அந்தப் பூ மட்டும் யாருக்கும் எந்தக் காலத்திலும் வந்து சேராது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டவர் எழுந்து கும்பிட்டு, 'நல்லதுங்க, வாரோமுங்க' என்றுதான் கிளம்ப வேண்டும்.

எவ்வளவு மரியாதை. எவ்வளவு கொடூரம்.

பதில் சொல்லாத வீடு என்பது இன்னும் மறுக்காத வீடு—இது அண்ணனின் கணக்கு. அவர்கள் மறுக்காதபோது நாம் எப்படி மூடுவது? மூடினால் நாமே கழித்துவிட்ட மாதிரி ஆகிவிடாதா? ஒரு தடவை கரண்ட் போய் எல்லாம் அணைந்தபோது, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடித் திறந்து வைத்தாராம். சொல்லும்போது அதில் ஒரு பெருமைகூட இருந்தது. 

கீழே இறக்கி வைத்திருந்ததில் பாதி, கார்த்திக்காகப் பார்த்த பெண்கள்.

இவ்வளவு பெண் தேடியும் ஏன் கிடைக்கவில்லை? படித்த பெண்கள் தோட்டத்துக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்று ஊரே புலம்புகிறது. அவர்கள் ஏன் வர வேண்டும்? அம்மாக்கள் பட்டதைப் பார்த்துத்தானே வளர்ந்தார்கள். இன்னொன்றும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. ஒரு காலத்தில் இதே ஊர்களில், பெண் குழந்தை என்று தெரிந்ததும் எத்தனையோ வீடுகளில் சத்தமில்லாமல் ஒரு முடிவு எடுத்தார்கள். அப்போது மட்டும் யாரும் 'சொல்லியுடறோமுங்க' என்று இழுக்கவில்லை. வேண்டாம் என்பதைத் தெளிவாகவே சொன்னார்கள். இன்றைக்கு அந்த வீட்டுப் பையன்களுக்குத்தான் அண்ணன் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும் என்றேன். அண்ணன் முகம் சுருங்கியது. எதுவும் அழியாது, எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கும், மேஜையைத்தான் துடைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. கடைசியில், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் நானே திறந்து வைத்துவிடுவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார்.

அணைந்தது. மறுபடி உயிர் வந்தது. ஜாதகம் ஒரே கிளிக்கில் திறந்தது. கார்த்தியும் அதற்குள் தோப்பிலிருந்து வந்துவிட்டான். கை காலெல்லாம் மண். நாற்காலி அழுக்காகிவிடும் என்று உட்காராமல் சுவரோரமாக நின்றான். ஜாதகமும் போட்டோவும் அந்தியூருக்குப் போயின.

அப்புறம் காத்திருந்தோம். அண்ணன் போனை மேஜையில் நடுவாக வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஏதேதோ பேசிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் போன் வந்தது. பெண்ணின் அப்பா. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். ரொம்ப சந்தோஷம் என்றார் அவர். பையன் லட்சணமாக இருக்கிறான், ஜாதகம் பரவாயில்லை, உங்கள் குடும்பத்தைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்கிறார்கள் என்றார். அண்ணன் மலர்ந்து போய் என்னைப் பார்த்தார். கடைசியாகப் பெண்ணின் அப்பா, பூ கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

அண்ணன், 'நல்லதுங்க, நல்லதுங்க' என்று சொல்லிக்கொண்டே வைக்கப் போனார். கார்த்தி வந்து போனை எடுத்துக்கொண்டான்.

"வணக்கமுங்க. பையன் நாந்தானுங்க பேசறேன். ஒண்ணு கேட்டுக்கறனுங்க, தப்பா நெனைக்காதீங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க. இல்லீன்னா எங்கப்பா உங்க போனுக்காகவே உக்காந்திருப்பாருங்க."

அந்தப் பக்கம் அவர் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார்.  பிறகு பேசினார். குரலில் பழைய இனிப்பு இல்லை. ஆனால் மனுசக் குரலாக இருந்தது.

"வேண்டாமுங்க தம்பி. எங்க பாப்பா முன்னாலயே சொல்லிப்போட்டா. தோட்டத்துக்கெல்லாம் வரமாட்டாளாமுங்க."

"சரியுங்க. சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க."

போனை மேஜையில் வைத்தான். மோட்டார் போட வேண்டும், கரண்ட் போய்விடும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான்.

அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. கதவைப் பார்த்தபடி சொன்னார்:

"அவுங்க வேண்டாம்னு சொல்லலியே அம்மணி. இவனே சொல்ல வெச்சுப்போட்டானே."

 பையன் செய்ததுதான் சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே.

கொடுத்த வாக்குக்காக மவுஸைப் பிடித்தேன். உடுமலை டீச்சரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகத் திறக்கப் போனேன். அண்ணன் என் கைமேல் கை வைத்துத் தடுத்தார்.

"வேண்டாம் அம்மணி. இருக்கட்டும்."

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் மட்டும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒன்றுமே இல்லை.

நேற்று அண்ணியிடமிருந்து போன். கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுகிறதாம்... அண்ணன்தான் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.