ரஷீதா அக்காவின் பச்சைக் குவளை

ரஷீதா அக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவருடைய சிறுநீரிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அவருக்கு நீரிழிவு. தினமும் காலையில் நீல மருந்தில் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் சூடாக்குவேன். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் கவனம். செங்கல் நிறத்துக்குப் போனால் ஊசி மருந்தைக் கூட்ட வேண்டும்.

"இன்னைக்கு எனக்கு என்ன கலர் சேலை எடுத்திருக்க, பாக்கியம்?" என்று அந்த நிறத்தைத்தான் கட்டிலில் இருந்தபடியே கேட்பார்.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் அவர் கணவர், என் முதலாளி சாகுல் ஹமீதுக்கு இரும்புச் சாமான் கடை. மாடியில் வீடு. பதினேழு வயதில் மணமாகி வந்த அக்கா, அந்த மாடியில் இருபத்தெட்டு வருடம் இருந்தார். கீழே தராசில் ஆணி கொட்டும் சத்தத்தை வைத்தே அது எத்தனை அங்குல ஆணி என்று சொல்லிவிடுவார். கடல் தாண்டி வந்த பிறகு அவர் போன ஆகத் தூரமான ஊர், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோகூர்தான்.

1962இல் அவர் மகன் நூருல் அமீன் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கினான். அதைப் பார்த்துவிட்டு, அப்படியே குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வருவதென்று முதலாளி முடிவு செய்தார். தினம் ஊசி போட ஆள் வேண்டுமே, அதனால் நானும் போனேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மூன்று வருடம் நர்ஸ் பயிற்சி எடுத்து, வார்டில் வேலை பார்த்தவள். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. "பனி மூடின மலைய ஒரு தடவ கண்ணால பாத்துடணும். மத்ததெல்லாம் நீங்க பாருங்க."

அவர் கைப்பையில் கடையிலிருந்து எடுத்த பச்சை எனாமல் குவளை ஒன்று இருந்தது. அந்த ஊர்க் கழிப்பறைகளில் காகிதம்தான் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தண்ணீரில் கழுவாமல் அவரால் இருக்க முடியாது. சர்க்கரை நோயாளி என்பதால் மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். கப்பலிலும் லண்டனிலும் அந்தக் குவளையால் ஒரு தொல்லையும் வரவில்லை.

லண்டனிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் கிளம்பினோம். எங்களைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்கள். பாரிஸில் இரண்டாம் நாள் காலை, ஓட்டலில் பசியாறிக்கொண்டிருந்தபோது அக்காவின் பை நாற்காலியிலிருந்து சரிந்தது. குவளை உருண்டு நடுக்கூடம் வரை போனது. பரிமாறுபவர் அதை எடுத்து, தன் வெள்ளைத் துணியால் துடைத்து, அக்கா முன்னால் வைத்து, நிறையக் காப்பி ஊற்றினார்.

பக்கத்து மேசையில் எங்கள் பஸ்ஸில் வந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், குவளை அழகாக இருக்கிறது என்றார். நூருல் அமீன் சிரித்துக்கொண்டே அவருக்கு இங்கிலீஷில் பதில் சொன்னான். எங்கே போனாலும் அம்மா தன் சொந்தக் குவளையில்தான் குடிப்பாராம். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, பார்வையை எடுக்காமல் இருந்தார்.

"ஒரு வாய் குடிங்க உம்மா. எல்லாரும் பாக்குறாங்க" என்றான் மெதுவாக.

அது எதற்கான குவளை என்று எங்கள் மேசையில் நாலு பேருக்கும் தெரியும். முதலாளி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். முழங்கையால் தட்டிவிட்டிருந்தால் போதும், காப்பி கொட்டியிருக்கும். நான் குனிந்து மடியிலிருந்த துணியைச் சரி செய்தேன்.

அக்கா குடித்தார்.

மாடிக்குப் போய் அரைமணி நேரம் வாய் கொப்பளித்தார். நூருல் அமீன் வெளியே வந்து என்னிடம் குவளையை நீட்டினான். "மிஸ்ஸி, இத எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க. போதும் மானம் போனது."

அவன் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடைக்கோடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். முதல் நாள்தான் பஸ் அம்மாள் என்னைப் பார்த்து, நீங்கள் இந்த வீட்டுப் பெண்ணா என்று கேட்டிருந்தார். புதுக் கோட்டு போட்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் குவளை எனக்கும் அவமானமாக இருந்தது.

அன்றிலிருந்து அக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடித்தால் போக வேண்டும், போனால் கழுவ வேண்டும். கழுவத் தண்ணீர் பிடிக்க ஒரு காலி லெமனேட் போத்தல் போதும், விஷயம் முடிந்திருக்கும். ஒவ்வொரு ஊரிலும் அது கிடைத்தது. எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். இன்னொரு தடவை ஏதாவது உருண்டு விழுமோ என்றுதான் தோன்றியது.

பஸ் பயணத்தின் நாலாம் நாள் காலை சோதனைக்குக் கொடுத்த சிறுநீர் இரண்டு விரல் உயரம்கூட இல்லை. கட்டித் தேன் நிறம். சூடாக்கினால் ஆரஞ்சு.

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்லா."

"சரி, சீக்கிரம் கிளம்புங்க. பஸ் போயிடும்."

ஊசி மருந்தைக் கூட்டினேன், அவ்வளவுதான். கொலோன் நகரத்துத் தேவாலயத்தை நாங்கள் பார்க்கப் போனபோது அவர் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் லூசர்ன் ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் மடங்கி விழுந்தார். வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு காய்ந்த பலகை மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். பயிற்சியில் முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து எழுதுவதுதான். தெரியாது என்றேன்.

சாயங்காலம் ஒரு கிழட்டுக் கன்னியாஸ்திரி நர்ஸ் வந்தார். அக்காவைத் தூக்கிக் கழிகலத்தில் உட்கார வைத்தார். முடிந்ததும் ஒரு ஜக்கில் வெந்நீர் கொண்டுவந்து, ஊற்றிக் கழுவி, துடைத்துப் படுக்க வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. எங்கள் வார்டில் நானே நூற்றுக்கணக்கான பேருக்கு இப்படிச் செய்திருக்கிறேன்.

"இவங்களுக்குக் கேக்காமலே தெரியுது" என்றார் அக்கா, சுவரைப் பார்த்தபடி.

வாசலில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னதான் ஆச்சு பாக்கியம்?"

"குளிர் ஒத்துக்கல, முதலாளி."

கதவு திறந்துதான் இருந்தது. அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அந்த அறையின் ஜன்னல், துணி காயப்போடும் முற்றத்தைப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும் வானம் மூடிக் கிடந்தது. ஐந்தாம் நாள் காரில் விமான நிலையத்துக்குப் போகும்போது ஒரு வளைவில் பனிமலை தெரிந்தது. அக்கா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூர் திரும்பியதும் வீட்டில் விருந்து வைத்தார்கள். எல்லார் முன்னாலும் முதலாளி எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். "இந்த மிஸ்ஸி இல்லன்னா எம் பொண்டாட்டி உசிரோட வந்திருக்க மாட்டா" என்றார். பெண்கள் பக்கம் அக்கா பிரியாணிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, குவளைய குப்பையில போட்டது நான்தான். நீங்க தண்ணி குடிக்கலங்கறதும் எனக்குத் தெரியும்."

"தெரியும். நீ நடைக்கோடிக்குப் போறத கதவு இடுக்குல பாத்தேன்." கையை நீட்டினார். நான் பஞ்சை எடுத்தேன். "பஞ்சு இல்ல, ஊசியக் குடு. எப்படிப் போடுறதுன்னு சொல்லு."

"உங்களுக்கு எதுக்கு அக்கா இந்தக் கஷ்டம்? நான் வர்றேன்ல."

"சொல்லிக் குடு, பாக்கியம்."

சொல்லிக்கொடுத்தேன். மருந்தை இழுப்பது, காற்றை வெளியேற்றுவது, தொடையில் சதையைக் கிள்ளிப் பிடிப்பது. எத்தனையோ நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். முதல் தடவை கை நடுங்காதவர்கள் குறைவு. அவருக்கு நடுங்கவில்லை. நீல மருந்துச் சோதனையை மூன்றாம் நாளே தானாகச் செய்தார். என்ன கலர் சேலை என்று என்னைக் கேட்க வேண்டிய அவசியம் அதன்பிறகு இல்லை.

ஏழாம் நாள் நான் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது குளியலறையில் கை கழுவப் போனேன். தொட்டி விளிம்பில் புதிதாக ஒரு பச்சைக் குவளை கவிழ்ந்திருந்தது. அதை நான் தொடவில்லை.

"வர்றேன் அக்கா" என்றேன்.

"சரி" என்றார். நாளைக்கு வா என்று சொல்லவில்லை.