கூடத்தில் ஆடிய கல்

சித்தூரில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கடப்பைக் கல் பாவியிருந்தது. சமையலறைப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு கல் மட்டும் ஆடும். காலை வைத்தால் ‘டக்’கென்று ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழும்பும். அடியில் பெருச்சாளி வளை தோண்டியிருந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா ஒருநாள், “நைனா, அந்தக் கல்லு ஆடுது. யாரையாச்சும் கூப்ட்டு சரி பண்ணேன்” என்றாள். நைனா பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், “ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும்தான் சிரித்தாள். அடுத்த வாரம் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் அந்தக் கல்லில் இடறி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை.

அதற்குப் பிறகு நைனா அந்தக் கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆள் வைத்துச் சரிசெய்யவும் இல்லை. சரிசெய்தால் அதைப் பற்றிப் பேச வேண்டி வருமே என்று பயந்தாரோ என்னவோ. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்து பழகிவிட்டோம்.

அக்கா மறுபடி உண்டானாள். வேலூருக்குப் போய் அழைத்த அம்மாவிடம் அக்காவின் மாமியார், “மொதல்ல அந்தக் கல்ல மாத்துங்க. அப்பறம் வந்து கூப்புடுங்க” என்று சொல்லிவிட்டார். அக்கா பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் சொன்னதைவிட அந்த மௌனம்தான் அம்மாவை அறுத்தது. ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் அவளை ரயிலேற்ற மாட்டார்கள். அதற்குள் தளம் சரியாக வேண்டும்.

நான் டீச்சர் பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்கு உத்தரவு வராமல் வீட்டில் கிடந்தேன். சும்மாவே எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. இப்போது கேட்கவே வேண்டாம். கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்து தேய்ந்தேன்.

சித்தூரில் தளம் போட ஓர் ஆள் அகப்படவில்லை. திருப்பதியில் யாத்திரை வருகிறவர்களுக்குச் சத்திரம் சத்திரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கரணை பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். நைனா “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். நானும் அம்மாவும் பாகாலா வழியாக ரயிலேறித் திருப்பதிக்குப் போனோம். ஒரு சத்திரத்துச் சாரத்தின் மேல் நின்றிருந்த மேஸ்திரி, கீழே இறங்காமலேயே, “ரேப்பு வஸ்தானம்மா” என்றார். நாளைக்கு வருகிறாராம். அந்த நாளை வரவே இல்லை.

மறுபடி போனேன். நாள் குறிப்பதற்குள் எனக்குத் தலை வெடித்துவிட்டது. நைனா எங்கள் சர்ச்சில் சபை மூப்பர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது. மேஸ்திரிக்குச் செவ்வாய் ஆகாது, அஷ்டமி நவமி ஆகாது, அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஆகாது. மிஞ்சிய நாட்களில் அவருக்குச் சத்திரத்து வேலை. “ஒரே ஒரு கல்லுக்கா இந்தப் பாடு?” என்று அவர் அலுத்துக்கொண்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது என்ன கல் என்று மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனுஷன் கரணையைக் கீழே வைத்துவிட்டார். “சனிக்கெழம வரேம்மா” என்றார்.

வந்தார். கையில் ஒரு பூசணிக்காயும் வந்தது.

“ஒரு உசுரு போன எடம்யா இது. இத ஒடச்சி திருஷ்டி கழிச்சிட்டுத்தான் கல்லத் தொடுவேன்” என்று நைனாவிடம் சொன்னார்.

“எங்க வூட்ல அதெல்லாம் கெடையாது. ஜெபம் பண்றேன், நீ கல்ல எடு.”

“உங்க ஜெபம் உங்களுக்கு. இந்தக் கல்லுல தோஷம் இருக்குதுய்யா. ஒடைக்க வேணாம்னா நான் போய்ட்றேன்.”

ஒன்றென்ன, ஒரு வண்டிப் பூசணிக்காய் வேண்டுமானாலும் உடைக்கட்டும், அக்கா வந்தால் போதும் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சமையலறை வாசலில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நைனா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கல்லு மேல ஏம்பா பழி போட்ற? கல்லு என்னா பண்ணும்?” என்றார். “ஆடுதுன்னு எம்பொண்ணு சொன்னா. நான் கேலி பண்ணிக்கினு குந்திக்கினு இருந்தேன். தோஷம் இருந்தா அது என்னுது.”

இத்தனை காலம் கழித்து அன்றுதான் அவர் வாயிலிருந்து அது வந்தது. அம்மா தேம்பிவிட்டாள். நைனா கடப்பாரையை எடுத்து இடுக்கில் கொடுத்து நெம்பினார். வயசான மனுஷன், கடப்பாரை இரண்டு முறை வழுக்கியது. நானும் போய்ப் பிடித்தேன். கல் புரண்டது.

மேஸ்திரி குனிந்து வளையை எட்டிப் பார்த்தார். “எடுத்தவரு நீங்க. திருப்பிப் போட்றதுதான என் வேல? அதுக்குத் தோஷம் இல்ல” என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வளைக்குள் கண்ணாடித் துண்டும் செங்கல் ஜல்லியும் கொட்டி, திமிசுக்கட்டையால் வீடே அதிர இடித்தார். மேலே சுண்ணாம்புச் சாந்து விரித்துக் கல்லைப் பதித்தார். பூசணிக்காயை விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைக் குழம்பு வைத்தாள்.

சாந்து இறுகும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. கொல்லை வழியாகச் சுற்றிச் சுற்றிச் சமையலறைக்குப் போனோம். பொழுதுக்கும் நான் போய்க் குனிந்து பார்ப்பேன். அதட்ட வருகிற நைனாவும் என் பக்கத்திலேயே குனிந்து பார்ப்பார்.

அம்மா போய் அக்காவை அழைத்துக்கொண்டு வந்தாள். ஜட்காவிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்தபடி மெள்ளக் கூடத்தைத் தாண்டி வந்தவள், சரியாக அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கால் எழவில்லை.

நைனா வேகமாக வந்து கல்லின் மேல் ஏறி நின்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி கழன்று நெஞ்சில் விழுந்தது. விடாமல் இன்னொரு முறை குதித்தார்.

“பாரும்மா, அசையல.” மூச்சு வாங்கியது. “நீ சரியாத்தாம்மா நடந்த. கூடந்தான் கோணலா இருந்துச்சு.”

அக்கா அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு, கல்லின் மேல் காலை வைத்தாள்.