லெட்சுமி அக்காவின் பிரிட்ஜும் என் பேட்டரியும்

பேட்டரிக்காரனுக்கு நல்ல சேதி சொல்ல யாரும் போன் பண்ணுவதில்லை. "அண்ணே, இன்னைக்கு வண்டி ஜோரா ஸ்டார்ட் ஆச்சு" என்று ஒரு ஜென்மமாவது சொன்னதுண்டா? டத்தோ கிராமாட்டில் கடை வைத்த நாளிலிருந்து என் காதில் விழுவதெல்லாம் சாவுச் சேதிதான். ஒயர் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம், நம்ம எல்லாருக்கும் ஒரே தலையெழுத்து.

போதாக்குறைக்கு இப்போது மோட்டார்ஹோம் வந்திருக்கிறது. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ். ஓடுவதற்கு ஒரு பேட்டரி, குடித்தனம் நடத்த இன்னொரு பேட்டரி. ஆகவே திட்டும் இரண்டு மடங்கு. அதில் என் உயிரை வாங்கியது சேகர் அண்ணன் வேன்தான். பேக்டரியில் ரிட்டயர் ஆன கையோடு ஆசை ஆசையாக வாங்கினார். வாங்கிய நாளிலிருந்தே ராத்திரி பிரிட்ஜ் ஓடும், விடிந்தால் செத்துக் கிடக்கும்.

முக்காடு போட்ட சோலார்

முதல் தடவை பார்க்கப் போனபோது செருப்பைக் கழற்றிவிட்டு வேனுக்குள் ஏறினேன். உள்ளே நுழைந்ததும் எதிரே முருகன் படம், பக்கத்தில் குட்டிச் சிவப்பு விளக்கு. கும்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன். எல்லா சுவிட்சையும் அணைத்தேன், எல்லா ஒயரையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு கூரைமேல் ஏறினால், பேட்டரிக்குத் தீனி போட வேண்டிய சோலார் தகடு, கயிறு போட்டுக் கட்டிய கேன்வாஸுக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது!

"அண்ணே, இதை ஏன் மூடி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். கீழே நின்ற சேகர் அண்ணன் என்னை ஒரு விவரம் கெட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"புதுச் சாமான் தம்பி, வெயில் பட்டா வெளுத்துப் போயிரும்லா!"

கவுண்டருக்கு வந்த தெங்கிரி

கேன்வாஸை எடுத்தாயிற்று. அப்புறமும் பேட்டரி செத்தது. புது பேட்டரியே மாற்றினேன், அதுவும் செத்தது. ஒரு திங்கட்கிழமை காலை சேகர் அண்ணன் மனைவி லெட்சுமி அக்கா கடைக்குள் நுழைந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கவுண்டரில் வைத்துத் திறந்தார். தெலுக் பஹாங் கடற்கரையில் பொரிப்பதற்காக மசாலா தடவி வைத்த தெங்கிரி மீன். நடு ராத்திரியிலேயே பிரிட்ஜ் அணைந்து போனதில் மீன் கதை முடிந்திருந்தது. கடையிலிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

பின்னால் நின்ற சேகர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே ஆசை அந்த வேன்தான். அக்கா டப்பாவை மூடவே இல்லை.

"நல்லா மோந்து பாரு தம்பி, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேனை வித்துருவேன், ஆமா!"

பெண் பார்க்க வந்த மாதிரி

இன்னொரு தடவையும் ஆனது. அக்கா சொன்னபடியே வேனை விலைக்குப் போட்டுவிட்டார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர் வேனைப் பார்க்க வந்தார். துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார் சேகர் அண்ணன்.

வந்தவர் நல்ல மனிதர். கூரை ஒழுகுமா என்று கேட்டார். ஒரு சொட்டு ஒழுகாத கூரை அது. "மழை பெஞ்சா குடை புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கணும்" என்றார் சேகர் அண்ணன். எஞ்சின் எப்படி என்றார். "ஏத்தம் வந்தா அழும்." கட்டில்? "முதுகு போயிரும்." நான் சிரிப்பை அடக்க டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். வந்தவரோ வேனை ஆசையாகத் தடவிக்கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை போனில் முடிவு சொல்வதாகச் சொன்னார். தன் வண்டியில் ஏறும் முன் நின்று திரும்பினார்.

"அண்ணே, நீங்க விக்க வந்தீங்களா, இல்ல தடுக்க வந்தீங்களா?"

அணைக்காத ஒன்று

அவர் போனதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கரண்ட் போவதை அளக்கிற மீட்டரை இந்தத் தடவை பேட்டரியிலேயே மாட்டினேன். எல்லாவற்றையும் அணைத்தும் பேட்டரியிலிருந்து கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. எங்கேடா போகிறது என்று கட்டிலுக்கடியில் காதை வைத்தேன். மெல்லிய ரீங்காரம். இன்வெர்ட்டர்! பேட்டரி கரண்ட்டை வீட்டு கரண்ட்டாக மாற்றுகிற பெட்டி அது. சும்மா விழித்திருந்தாலே பேட்டரியைத் தின்னும். அதை விழிக்க வைத்திருப்பது யார் என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒயர் முருகனிடம் போய் நின்றது.

அந்தக் குட்டிச் சிவப்பு விளக்கு! அது வீட்டு கரண்ட்டில் எரிவது. ஒற்றை விளக்குக்காக அத்தனை பெரிய பெட்டி ராப்பகலாக ஓடியிருக்கிறது. "எல்லாத்தையும் அணைச்சாச்சு" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! அதில் சாமி விளக்கு சேராது என்பது யாரும் சொல்லாமலே எங்கள் இருவருக்கும் தெரிந்த சங்கதி. நானே ஒவ்வொரு தடவையும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தானே வேலையைத் தொட்டேன்! விளக்கை வைத்தது லெட்சுமி அக்கா. இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? சேகர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயே சொல்லிரு தம்பி, உனக்கு வேற கஸ்டமர் இருக்காங்க, எனக்கு வேற பொண்டாட்டி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை போன்

சொன்னேன். அக்கா முகம் சிவந்தது. "சாமி விளக்கை அணைக்கச் சொல்றியா?" என்றார். "ஐயோ அக்கா, அணைக்கவே வேணாம், வேற விளக்கு போடுறேன்" என்று, பேட்டரியிலேயே நேராக எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினேன். இன்வெர்ட்டர் உறங்கப் போனது. சனிக்கிழமை சாயங்காலம் புதுத் தெங்கிரியோடு இருவரும் அதே கடற்கரைக்குக் கிளம்பினார்கள்.

ஞாயிறு காலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கே போனேன். சேகர் அண்ணன் வேன் வாசலில் பரீட்சை எழுதியவர்போல நின்றார். அக்கா பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே வெளிச்சம்! டப்பாவை எடுத்து மோந்து பார்த்தார், அடுப்பில் சட்டியை வைத்தார். மீன் எண்ணெயில் விழுகிற நேரம் பார்த்து போன் அடித்தது. புக்கிட் மெர்தாஜாம்காரர், வேனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சேகர் அண்ணன் போனை அக்காவிடமே நீட்டிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முருகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி, சாமி இருக்குற வீட்டை யாராச்சும் விப்பாங்களா?"

ஆக, பேட்டரியைக் கொன்றதும் சாமி விளக்கு, வேனைக் காப்பாற்றியதும் சாமி விளக்கு, நடுவில் நாறிப்போன மீனை மோந்தவன் மட்டும் நான்.