காலியாக விட்ட பெட்டி

ஹார்லிஸ் ஸ்லோனின் மகள் ட்ரெஸ்ஸா பல் மருத்துவப் படிப்புக்கு மூன்றாவது தடவையாக விண்ணப்பம் போடப்போகிறாள் என்ற செய்தி எங்கள் மலையூரான கேனி ஃபோர்க் முழுக்கப் பரவியபோது, அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ட்ரெஸ்ஸா. இன்னொருவர் அவள் உதவியாளராக வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் டாக்டர் நேப்பியர் அம்மா. பெற்ற தகப்பனே சிரித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பங்க் கடையில்தான் எங்கள் ஊர் ஆம்பளைகள் காலைக் காப்பி குடிப்பார்கள். ஹார்லிஸோடு முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி ஏறிய பர்ச்செல் அங்கே வைத்துத்தான் ஆரம்பித்தான்.

"பல்லைப் புடுங்குறதுக்கு எதுக்குடா இத்தனை வருஷப் படிப்பு? என் வண்டில குறடு கெடக்கு, வந்து எடுத்துக்கச் சொல்லு."

"அவகிட்ட நான் சொல்லாததையா நீ சொல்லப்போற? முப்பத்தொரு வயசாச்சு. அரைப் பாஸு, அது மண்டையில ஏறணுமே" என்றார் ஹார்லிஸ்.

அரைப் பாஸு என்பது அவர் மகளுக்கு வைத்த பட்டப்பெயர். கல்லூரியை முடித்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த மதிப்பெண் நாலுக்கு இரண்டு புள்ளி நான்கு. அந்த எண்ணோடு பல் மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனால் வாட்ச்மேன்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டான். ஆனாலும் அவள் விடவில்லை. பகலில் நேப்பியர் அம்மாவிடம் வேலை, சாயங்காலம் பக்கத்து டவுன் கல்லூரியில் வகுப்பு என்று நாலு வருஷம் ஓடினாள். கோட்டைவிட்ட வேதியியலைத் திரும்பப் படித்தாள், உடற்கூறு படித்தாள், இன்னும் என்னென்னவோ படித்தாள். எடுத்த பதினாலு பாடத்திலும் முழு மதிப்பெண். நுழைவுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பின்னால் தள்ளினாள்.

அநியாயம் என்னவென்றால், விண்ணப்பக் கணக்கில் பழைய ஃபெயிலை யாரும் அழிக்க மாட்டார்கள். திரும்பப் படித்துப் பாஸானாலும் பழையதும் புதியதும் சேர்ந்தே கூட்டலில் வரும். நாலு வருஷம் மாடாய் உழைத்த பிறகு அவளுடைய எண் எவ்வளவு ஆயிற்று தெரியுமா? இரண்டு புள்ளி எட்டு ஆறு. சுரங்கத்தில் கரி ஏற்றிய வண்டியைக் கையால் மேட்டில் தள்ளியவர் ஹார்லிஸ். அவருக்குக்கூட அந்தக் கணக்கு அநியாயமாகத்தான் பட்டது. அதை வெளியே காட்டினாரா? மறுநாளும் அரைப் பாஸு என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாவது தடவையும் எல்லாக் கல்லூரியும் கைவிரித்த மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ட்ரெஸ்ஸா சமையலறையில் உட்கார்ந்து ஒரு கல்லூரிக்குப் போன் போட்டாள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் சொல்வார்களாம். ஒரு பக்கம் அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அடுத்த அறையில் ஹார்லிஸ் டி.வி. பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் நிதானமாகப் பேசினார். "இப்ப நீங்க எடுத்திருக்கிற மார்க் எல்லாம் பிரமாதம்தாங்க. எங்களுக்கு இடிக்கிறது காலேஜ்ல ரெண்டாவது வருஷம். செப்டம்பர்லேருந்து டிசம்பர் வரைக்கும் நாலு பாடம். ரெண்டுல ஃபெயில், ஒண்ணு தட்டுத்தடுமாறிப் பாஸ், ஒண்ணைப் பாதியிலயே விட்டுட்டீங்க. அதுக்கப்புறம் நீங்க எழுந்திரிக்கவே இல்ல. காரணம் இருந்தா எழுதுங்கன்னு விண்ணப்பத்துல ஒரு பெட்டி குடுத்திருக்கோம். ரெண்டு தடவையும் அதைக் காலியா விட்டிருக்கீங்க. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? இந்தப் பொண்ணுக்கு அக்கறை இல்லன்னுதானே? அப்ப ஏதாவது நடந்துச்சா?"

ட்ரெஸ்ஸா எழுந்து அடுப்பைத் தணித்தாள். பிறகு, "ஒண்ணும் நடக்கலைங்க. நான் ஒழுங்காப் படிக்கல" என்றாள்.

ஹார்லிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். ரெண்டாவது வருஷம், செப்டம்பர். அந்தச் செப்டம்பரில்தான் சுரங்கத்தின் கூரை சரிந்து அவர் முதுகு இரண்டு இடத்தில் உடைந்தது. மனைவி போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் மரக்கட்டையாகக் கிடந்தார். கல்லூரி ஊரிலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு, வாரத்தில் நாலு நாள் ட்ரெஸ்ஸா வந்தாள். புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்துவிட்டாள், ஊட்டினாள், பெட்பேன் எடுத்துக் கொட்டினாள். "உனக்குக் காலேஜ் இல்லையாடி?" என்று ஒரு நாள் கேட்டார். "இந்த வருஷம் வகுப்பு கம்மிப்பா" என்றாள். நம்பிவிட்டார். கல்லூரி வாசலை மிதித்தறியாத மனுஷன் வேறு என்ன செய்வார்?

அப்படிப் போன மதிப்பெண்ணைத்தான் பத்து வருஷமாகப் பட்டப்பெயராக்கி ஊர் முன்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சரி, உடனே எழுந்து போய் மகளிடம் பேசினாரா? அதுதான் கிடையாது. எங்கள் மலைக்காரர்களுக்கு அந்த வியாதி உண்டு. வீட்டுக் கதையை வெளியில் கொண்டுபோகக் கூடாது, பட்ட கஷ்டத்தைச் சொல்லிச் சலுகை கேட்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும்போதே சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். வெளியூர்க்காரன் ஒரு காலிப் பெட்டியைக் கண்டால் நிரப்புவான். எங்களவர்கள் அதைக் காலியாக விடுவதுதான் மரியாதை என்று நினைப்பார்கள். ட்ரெஸ்ஸாவுக்கு அதைச் சொல்லி வளர்த்ததே ஹார்லிஸ்தான்.

ஜூன் வந்தது. வருஷா வருஷம் ஜூனில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானத்தில் இரண்டு நாள் இலவசப் பல் முகாம் நடக்கும். கூரை போட்ட பெரிய மைதானம். வளையத்துக்குக் கீழே நாற்பது நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். மூன்று மாவட்டத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு சனம் வரும். அந்தச் சனிக்கிழமை ஹார்லிஸும் போனார். பல் செட்டு ஆடுகிறது என்று சாக்கு. அவர் செட்டு வாயில் இருப்பதைவிடச் சட்டைப் பையில் இருப்பதுதான் அதிகம், அது எங்கே ஆட?

மகள் வேலை செய்வதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். லாரி ஓட்டுகிற ஒருவன், கதவு அகலம் இருப்பான், ஊசியைக் கண்டு குழந்தைபோல் அழுதுகொண்டிருந்தான். ட்ரெஸ்ஸா அவன் கையைப் பிடித்து, "வலிச்சா கையத் தூக்குங்கண்ணா, நிறுத்திடுவோம். நிறுத்தலன்னா என்னை ஏன்னு கேளுங்க" என்றாள். அவன் அடங்கினான். நேப்பியர் அம்மா கையை நீட்டினால் வேண்டிய கருவி அதில் இருந்தது. அந்தம்மா வாய் திறந்து ஒன்றுகூடக் கேட்கவில்லை. மணி ஒன்றானது, இரண்டானது. ட்ரெஸ்ஸா ஒரு வாய் தண்ணீர் குடித்ததாக அவர் காணவில்லை. இவளா நம்ம வீட்டில் பீன்ஸைக் கருக விடுகிறவள் என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது.

அதற்கப்புறம் பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஆகஸ்ட்ல கல்யாணம். செட்டுப் போட்டுட்டா அப்புறம் தொந்தரவு இல்லன்னு வீட்டுல சொல்றாங்க" என்றாள்.

எங்கள் பக்கம் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வலிக்கிற நாலு பல்லுக்காக மிச்சத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டுக் கல்யாணத்துக்குப் புதுச் செட்டோடு நிற்பார்கள். ஹார்லிஸே இருபத்து மூன்றாவது வயதில் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, வாயில் பஞ்சோடு வீட்டுக்கு நடந்துவந்தவர்தான்.

ட்ரெஸ்ஸா அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கைக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தாள். "நீயே பாரும்மா. இதோ இந்த நாலும் போயிருச்சு, எடுத்துத்தான் ஆகணும். இதைப் பாரு, நல்லாயிருக்கு. இது, இது, இது. எண்ணிக்கிட்டே வா." ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக் காட்டினாள். இருபத்து நாலு நல்ல பல். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இது எல்லாம் எனக்கே இருக்கட்டும்" என்றாள்.

ஹார்லிஸ் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு யாரும் கண்ணாடி காட்டவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கண்ணாடி காட்டியிருக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. கோயிலில் நிற்கிற மாதிரித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இந்தப் பிள்ளை டாக்டராகாமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் முகாம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார்.

"பாப்பா, அந்தப் பெட்டிய எழுதி ரொப்பு."

"எந்தப் பெட்டி?"

"நடிக்காதடி. மார்ச்சுல போன்ல பேசினதைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

அவள் ஒரு ஷூவோடு அப்படியே நின்றாள். "நீங்கதானேப்பா சொல்லி வளர்த்தீங்க, வீட்டுக் கதைய வெளியில கொண்டு போகாதேன்னு."

"சொன்னேன். நான் சொன்னதுல பாதி தப்பு. இது அந்தப் பாதி."

"உங்களைப் பத்தி எழுதணும்ப்பா. நீங்க படுக்கையில கெடந்தது, நான் தொடச்சுவிட்டது, எல்லாம். முன்னப்பின்ன தெரியாத எட்டுப் பேர் உக்காந்து படிப்பாங்க."

"படிக்கட்டுமே. ஒடஞ்சது என் முதுகு. நான் சொல்றேன், எழுது."

அவள் அழுதாள். எங்கள் ஊரில் பெண்கள் அப்பன் முன்னால் அழ மாட்டார்கள், ஆனால் அவள் அழுதாள். பிறகு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். ஆறே வரி. ஹார்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார்.

'இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் என் தந்தை சுரங்கத்தில் அடிபட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. வாரத்தில் நான்கு நாள் நான் அவரைப் பார்த்துக்கொண்டேன். அவர் என்னை வரச் சொல்லவில்லை. கல்லூரியில் சொல்லியிருந்தால் விடுப்புக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை, அது என் தவறு.'

"அவர் வரச் சொல்லலன்னு எதுக்கு எழுதின?"

"உண்மை அதானேப்பா. உங்க மேல பழி வரக் கூடாதில்ல."

அவர் எழுந்து கொல்லைப்புறம் போனார். இவ்வளவு பெரிய மனசை இந்த வீட்டுக்குள் பன்னிரண்டு வருஷம் வைத்துக்கொண்டு, அதற்கு அரைப் பாஸு என்று பேர் வைத்தோமே என்று நெடுநேரம் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்டோபரில் ஒரே ஒரு கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. மார்ச்சில் போனில் பேசிய கல்லூரிதான். போய்விட்டு வந்தவள் முகம் சரியில்லை. ஹார்லிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன கேட்டார்கள் என்று கேட்டார்.

"உங்கப்பா மறுபடியும் விழுந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க."

"போக மாட்டேன்னு சொன்னியா?"

"போவேன்னு சொன்னேன்."

"அடிப்பாவி. ஏன்டி அப்படிச் சொன்ன?"

"போவேன், ஆனா இந்தத் தடவை காலேஜ்ல சொல்லிட்டுப் போவேன், எழுதிக் குடுத்துட்டுப் போவேன், திரும்பி வருவேன்னு சொன்னேன். ஒருத்தர் என்னமோ எழுதிக்கிட்டார். முடிஞ்சுதுப்பா. பொய் சொல்ல வரல எனக்கு."

சேர்த்துக்கொண்ட செய்தியைக் கல்லூரிகள் டிசம்பர் நடுவில்தான் சொல்லத் தொடங்கும். அந்த நாள் காலை எட்டு மணிக்கே ஹார்லிஸ் நேப்பியர் அம்மாவின் ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்துவிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ட்ரெஸ்ஸா ஒரு கிழவரின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தே காலுக்கு அவள் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கையிலும் உறை. அவள் அசையவில்லை. நேப்பியர் அம்மா தன் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் பையிலிருந்து போனை எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ட்ரெஸ்ஸா ஸ்லோனுங்களா? மார்ச்சுல நாம பேசினோம், ஞாபகம் இருக்கா? இந்தத் தடவை பெட்டி காலியா இல்ல. ஆகஸ்ட்ல வந்து சேர்ந்துக்குங்க. உங்களுக்கு இடம் ஒதுக்கியாச்சு."

வாயைத் திறந்தபடியே கிடந்த கிழவர் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். ட்ரெஸ்ஸா குழாயை விடவில்லை, அதைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஹார்லிஸ் உள்ளே போகவில்லை. தடியை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, நேராகப் பெட்ரோல் பங்க் கடைக்கு நடந்தார். பர்ச்செலோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். காப்பி வாங்கவில்லை, உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கூரை சரிந்தது, மூன்று மாதம் கிடந்தது, மகள் பெட்பேன் எடுத்தது, வகுப்பு கம்மி என்று பொய் சொன்னது, இரண்டு பாடம் போனது, அந்தப் பெட்டி, அந்த ஆறு வரி, இன்றைக்கு வந்த போன், ஒன்று விடாமல். தன் வீட்டுக் கதையை ஹார்லிஸ் ஸ்லோன் வெளியில் வைத்துப் பேசி எங்கள் ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. யாரும் காப்பியைத் தொடவில்லை.

பர்ச்செல்தான் முதலில் கேட்டான். "இத்தனை வருஷமா ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல? நாங்க பாட்டுக்கு அந்தப் புள்ளையக் கேலி பண்ணிட்டு இருந்தோமே."

"எனக்கே இந்த மார்ச்சுலதான்டா தெரியும்" என்றார் ஹார்லிஸ்.