மன்மதன் முகத்தில் பரு

அந்த வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் என்னை மன்மதனாக ஆடச் சொன்னார்கள். அட்டன் டவுனுக்குப் போய்ப் படிக்கிற பையன், பாட்டைப் பிசகாமல் பாடுவான் என்பது கூத்து வாத்தியாரின் எண்ணம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். கூத்தில் ஏறப்போகும் முதல் ஆளும் நான்தான். மாசியில் காப்புக் கட்டிவிட்டால் பிறகு ஆளை மாற்ற மாட்டார்கள். அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

தை பிறந்ததும் பருக்கள் கிளம்பின. நெற்றியில் ஒரு கூட்டம், கன்னத்துக்கொரு கூட்டம், மூக்கு நுனியில் தனியாக ஒன்று, தலைவர் மாதிரி.

"ரதி பாத்து மயங்குற மொகமாடா இது?" என்றார் வாத்தியார். "காப்புக் கட்டுறதுக்குள்ள அடங்கலேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

அன்றிலிருந்து, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் வைத்தியர்கள். சூடுதான் காரணமென்று அம்மா, நெற்றியில் வழிய வழிய என் தலையில் தேங்காயெண்ணெய் ஊற்றினாள். கருவாட்டை நிறுத்தச் சொன்னாள் அத்தை. கொழுந்துக் கூடையோடு போன பக்கத்து வீட்டு அக்கா, "சூடுமில்ல, கருவாடுமில்ல. எவளையோ நெனச்சுக்கிட்டிருக்கான். மன்மதனுக்கே அம்பு பாஞ்சிருச்சுடி!" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பு மலை முழுக்கக் கேட்டிருக்கும். அப்படி ஒருத்தியும் இல்லை. இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நான் என் பங்குக்குக் கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். ஒன்றைக் கிள்ளினால் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது.

கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். காய்ச்சல்காரர்களுக்கும் கையில் கட்டுப் போட்டவர்களுக்கும் நடுவே நின்று, முறை வந்ததும் முகத்தை நீட்டினேன். மருந்து கொடுக்கிறவரை நாங்கள் டாக்டரய்யா என்போம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது யாருக்குத்தான் வரல? எனக்கும் இருந்துச்சு தம்பி. ஆனா மருந்து கேட்டு வந்த மொத ஆளு நீதான்."

இந்த வயதில் தோலுக்கடியில் எண்ணெய் கூடுதலாகச் சுரந்து வழியை அடைத்துக்கொள்ளும், அதுதான் பரு. பெண்ணை நினைத்தாலும் வரும், நினைக்காவிட்டாலும் வரும் என்றார். கிள்ளாதே, சோப்புப் போட்டுக் கழுவு, எண்ணெயை நெற்றிக்கு இறங்கவிடாதே. ஒரே நாளில் போகாது, வாரக்கணக்கில் ஆகும். மஞ்சளாய்க் கந்தகக் களிம்பு ஒரு சின்ன டப்பாவில் தந்தார்.

தோட்டத்தில் அந்தக் களிம்பைச் சொறிக்குத்தான் கொடுப்பார்கள் என்பது எனக்கு நினைவே வரவில்லை. அதன் வாசம் கைக்குழந்தைக்கும் தெரியும். சாயங்கால ஒத்திகையில் நான் கிட்டே போனதும், ரதியாக ஆடும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரப் பையன் துள்ளி விலகினான்.

"அடேய் மன்மதா, எட்ட நில்லுடா! சொறிபுடிச்ச புருசன நான் கட்டிக்க மாட்டேன்!"

இது சொறி இல்லை, பரு, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரய்யா சொன்னதையெல்லாம் ஒரு பிரசங்கமாகவே ஒப்பித்தேன். எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். ரதி மட்டும் கிட்டே வந்து என் கன்னத்தை உற்றுப் பார்த்தான். ஒத்திகை முடிந்து, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து சட்டையைத் தூக்கினான். முதுகு நிறையப் பரு.

"மச்சான், முதுகுல வந்தாலும் அதேதானா?"

"அதேதான்."

"அப்ப கொஞ்சம் தடவிவிடுடா."

மறுநாள் எமன் வந்தான், தாடையைக் காட்டிக்கொண்டு. அடுத்துத் தூதன். டப்பா காலியானதும் எல்லோரும் சேர்ந்தே டிஸ்பென்சரிக்குப் போனோம். "என்னப்பா, தேவலோகமே தெரண்டு வந்துருச்சு!" என்று டாக்டரய்யா தலையில் கைவைத்துக்கொண்டார்.

காப்புக் கட்டும் நாளும் வந்தது. கன்னங்கள் அடங்கியிருந்தன. மூக்குத் தலைவர் மட்டும் அசையவில்லை. வாத்தியார் மஞ்சள் கயிற்றோடு என்னிடம் வந்து மூக்கைச் சுளித்தார்.

"இந்த நாத்தம் ஒங்கிட்டருந்தா வருது?" பிறகு ரதியை மோந்தார். எமனை மோந்தார். "அடப்பாவிகளா, எல்லாருமா? நான் எவனடா மாத்துறது?"

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் என் தாடையைப் பிடித்து லாந்தர் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "பரவால்ல, அரிதாரத்துல அடங்கிரும். கைய நீட்டு."

கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டு, என் காதருகே குனிந்தார். "பிடரியில எனக்கும் ஒண்ணு கெடக்கு. நாளைக்கு அந்த டப்பாவக் கொண்டாந்துரு."

காப்புக் கட்டிய கையை உயர்த்திப் பிடித்தபடி லயம்வரை ஓடினேன். வழியில் யாராவது நிறுத்தி என்னவென்று கேட்கமாட்டார்களா என்றிருந்தது.