பேகம்பூரில் வாயாடி, இங்கே ஊமை

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். மேற்பார்வையாளர் ஹெல்கா அவளை ஒவ்வொருவரிடமும் அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினாள். இவர் ரொட்டி வெட்டுபவர், இவர் கேலி பேசுபவர் என்று ஆளுக்கொரு வார்த்தை. என் முன்னால் வந்து நின்றபோது, "இவள்தான் உன்ஸெரெ ரூயிகெ" என்றாள். நம்முடைய அமைதியான பெண் என்று அர்த்தம். யாரைச் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள்தான் இருந்தன.

அன்று முழுக்க அந்தச் சொல் கூடவே வந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் போய், மசூதித் தெரு ரஹ்மத் அமைதியானவள் என்று யாராவது சொல்லியிருந்தால் கடைத்தெருவே சிரித்திருக்கும். குழாயில் தண்ணீர் வராத கோடைகளில் லாரித் தண்ணீர்தான் எங்களுக்குக் கதி. ஒருமுறை எங்கள் சந்து குறுகல் என்று சாக்குச் சொல்லி ஓட்டுநர் நேராகப் போகப் பார்த்தார். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றேன். "ஏண்ணே, போன வாரம் இந்தச் சந்துக்குள்ள கல்யாணப் பந்தல் சாமானோட இதவிடப் பெரிய லாரி வந்துச்சே, அது என்ன பறந்தா வந்துச்சு?" என்று ஆரம்பித்தவள், லாரி பின்பக்கமாக வந்து சந்துக்குள் நுழையும்வரை வாயை மூடவில்லை. அதற்குப் பிறகு அந்த ஓட்டுநர், "அந்தப் புள்ள நிக்கிதா பாரு, பேசாம உள்ள விட்ரு" என்று கிளீனரிடம் சொல்வாராம். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, ரேஷன் கடையில் கேட்பது, சம்பந்தி வீட்டில் பேசுவது என்று எதுவானாலும் தெருப் பெண்கள் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். என்னை நான் அப்படித்தான் அறிவேன். பேச்சு போனால் மிச்சம் என்ன என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஜெர்மனிக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த ஜெர்மன், சமையலறைக்குப் போதுமான ஜெர்மன். சூடு, உப்பு, கவனம், நன்றி. யாராவது கேலி செய்தால் பதிலடி மனசுக்குள் தமிழில் உடனே வந்துவிடும். அதை மொழிமாற்றி, வினைச்சொல்லைக் கடைசியிலிருந்து முன்னுக்கு இழுத்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். நான் புன்னகை செய்வேன். அந்தப் புன்னகையைத்தான் அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அறிமுகப் படலம் முடிந்ததும் ஹெல்காவிடம் போய், "வீட்டில் நான் நிறையப் பேசுவேன்" என்றேன். ஊரில் என்று சொல்ல நினைத்தேன், வீட்டில் என்று வந்துவிட்டது. அவள் முகம் கனிந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்து, "உன் கணவர் பேச விடுகிறாரா? ரொம்ப நல்லது" என்றாள். லாரி ஓட்டும் என் கணவர் ஜாஃபர் வெள்ளிக்கிழமைதான் வீடு வருவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்க நான் விட்டதில்லை. அதை விளக்க எனக்கு வார்த்தை இல்லை. மறுபடியும் புன்னகைத்தேன்.

இந்த வருஷம் என் தங்கை சபீனாவின் மகள் நஸ்ரினுக்குக் கல்யாணம். ஜாஃபருக்கு விடுப்பு கிடைக்காததால் தனியாகத்தான் போனேன். ஊரில் இறங்கினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று விமானத்தில் நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பழனிப் பக்கத்துக்காரர்கள், மரியாதையான பேச்சு. நஸ்ரின் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். படிப்பை முடிக்கவிடுவதாக நிச்சயத்தின்போதே ஒத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மாப்பிள்ளையின் அம்மா மைமூன், "படிப்பெல்லாம் இனி எதுக்குங்க? அங்க வந்து வீட்டப் பாத்துக்கட்டுங்க" என்றார்.

கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நஸ்ரின் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ அந்த அம்மாள் பேசி முடித்துவிட்டாரா என்று காத்திருந்தேன். பிறகு என் வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன், சரியாக இருக்கிறதா என்று. தாய்மொழியில் பேசுவதற்கு யாராவது அடுக்கிப் பார்ப்பார்களா? அதற்குள் தேநீர் வந்துவிட்டது. பேச்சு மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் போய்விட்டது.

அவர்கள் போனதும் சபீனா சமையலறையில் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "அக்கா, நீ பேசுவேன்னுதான் அம்புட்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருந்தோம். இப்பிடிக் கல்லு மாதிரி உக்காந்துட்டியே!"

"நான் பேசத்தான்டி பாத்தேன்…"

"எங்க பாத்த? வெளிநாட்டுக்குப் போனதுல இருந்து நம்ம வீட்டு விஷயமெல்லாம் ஒனக்குச் சின்னதாப் போச்சு."

கொல்லைப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரலும் கேட்டது. "பெரிய மனுசியாயிட்டாக. நம்மகிட்டப் பேசுனா நாக்கு தேஞ்சுரும்ல." ஜெர்மனியில் அடக்கம் என்று பெயர் வாங்கிய அதே மௌனத்துக்கு இங்கே திமிர் என்று பெயர். இரண்டையும் கேட்டுக்கொண்டு நடுவில் நின்றவளை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் பிறந்த வீட்டில், என் சொந்தத் தங்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஜெர்மனியில்கூட அறியாத ஒரு தனிமையை அறிந்தேன்.

மறுநாள் இனிப்பு கொண்டுபோகும் சாக்கில் பழனி பஸ் ஏறினேன். மைமூன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கொஞ்சத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "நஸ்ரின் படிப்ப முடிக்கணும்ங்க. நீங்க ஒத்துக்கிட்டதுதான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பழைய ரஹ்மத்தாக இருந்தால் பத்துக் காரணம் அடுக்கியிருப்பேன். வார்த்தை போதாத நாட்டில் இருந்து இருந்து, ஒன்றைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் பழகியிருந்தது.

அவர் செத்த நேரம் உரித்தார். பிறகு, "உங்க வீட்டுல உங்களப் பெரிய வாயாடின்னு சொன்னாங்க. சண்டைக்குத்தான் வந்திருக்கீங்கன்னு பயந்துட்டேனுங்க" என்றார். இன்னும் சில வெங்காயம் போனது. "ரெண்டு ஆம்பளைகளும் காலைல கடைக்குப் போனா ராத்திரிதானுங்க. பகலெல்லாம் ஒத்தையிலேயே கெடக்கறேன். மருமக வந்தாப் பேச்சுத்துணை ஆகும்னு பாத்தேனுங்க. அவளும் படிப்பு, வேலைன்னு போயிட்டா நான் ஆருகிட்டப் பேசறது?"

"எனக்கும் அங்க அப்பிடித்தாங்க" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கண்ணில் நீர். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பரீட்ச முடியற வரைக்கும் நஸ்ரின் அவங்கம்மா வீட்டுலயே இருக்கட்டுங்க. லீவுக்கு வந்தாப் போதும்" என்றார்.

ஊருக்கு வந்து சொன்னபோது சபீனா நம்பவில்லை. "மாப்பிள்ளைதான் அவுக அம்மாகிட்டச் சண்டை போட்டிருப்பாரு. நீ என்னத்தப் பேசியிருப்ப?" என்றாள். நஸ்ரின் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் முதலில் சர்பத் கொடுத்தார்கள்.

என்னைப்போல் வெளியூரில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை என்று நினைக்கிறேன். நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் படத்துக்கு ஊரில் இருப்பவர்கள்தான் சாட்சி. அந்தச் சாட்சிகளும் மறந்துவிட்டால், நான் இப்படிப்பட்டவள் என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. நேற்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது நஸ்ரின் அழைத்தாள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே நிற்கிறாளாம். அவள் பின்னால் பஸ் ஹாரன்கள், யாரோ பூ விற்கும் சத்தம். "எல்லாம் நல்லா எழுதியிருக்கேன் பெரியம்மா!" என்றாள். "என் தங்கம்! எனக்குத் தெரியும்டி!" என்று கத்திவிட்டேன். முன் இருக்கையில் இருந்த முதியவர் திரும்பி, கோபமில்லாமல், உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். மன்னிப்புக் கேட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"பெரியம்மா, ஒண்ணுமே கேக்கல. சத்தமாப் பேசுங்க!"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அது என் நிறுத்தம் இல்லை. பஸ் போனபின் சாலையில் ஆளே இல்லை. மழைக்கு ஒதுங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, நஸ்ரினிடம் பேகம்பூர்க் குரலில் பேச ஆரம்பித்தேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. உள்ளிருந்து எனக்குத் தெரு தெரியவில்லை. தெருவில் யாராவது போயிருந்தால் அவர்களுக்கும் நான் தெரிந்திருக்க மாட்டேன்.