கருப்புப் பெட்டிக்கு வைத்த பொட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் பனியன் பெட்டிக்குப் படம் வரைவது என் பிழைப்பு. மேலே முருகன், இரண்டு பக்கமும் யானை, நடுவில் முதலாளியின் போட்டோ, மிச்சமிருக்கும் சந்துபொந்தெல்லாம் பூக்கொடி. ஒரு விரற்கடை இடம் விட்டால்கூட, "இங்கென்னுங்க சும்மா கெடக்குது?" என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய அட்டையில் இடம் சும்மா கிடப்பது எங்கள் ஊரில் பாவம். யானை வரைந்து வரைந்து எனக்குக் கை மரத்துப் போயிருந்தது. என் யோசனையில் ஒரே ஒரு பெட்டி வரவேண்டும், அதை ஊர் பார்க்கவேண்டும். அப்போது எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஒருநாள், எடைக்கு வாங்கிய பழைய பேப்பர் கட்டில் ஒரு சீமைப் பத்திரிகை கிடைத்தது. அதில் ராக் இசைத்தட்டு ஒன்றுக்கு முழுப்பக்க விளம்பரம். பக்கம் முழுக்கக் கருப்பு. இடது கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளை நாற்காலி, அதில் சாய்த்து வைத்த கிதார். வலது மேல் மூலையில் மிளகளவு சிவப்புப் புள்ளி. அடியில் எறும்பு எழுத்தில் குழுவின் பெயர். பாடுகிறவன் மூஞ்சியைக்கூடக் காணோம்!

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் அலசினேன். தாராபுரத்திலிருந்து புதிதாய் வாழ்க்கைப்பட்டு வந்திருந்த என் மனைவிதான் ரசிகர் கூட்டம். கண் முதலில் நாற்காலிக்குப் போகிறது, அங்கே ஆள் இல்லை, அதனால் கருப்புக்குள் தேடுகிறது, தேடுகிறவன் பெயரைப் படிக்காமல் போகமாட்டான் என்று விளக்கினேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எலையில உப்பு மட்டும் வெச்ச மாதிரி இருக்குதுங்க. சோறு எப்பங்க போடுவாங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் என் ஒரு வார விளக்கத்தைவிட அது சரியாக இருந்தது. உப்பு மட்டும் வைத்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்குத்தானே பசி அதிகம்!

அந்தத் தெம்பில் ஒரு கம்பெனியின் புதுச் சரக்குக்குப் பெட்டி வரைந்தேன். கருப்பு அட்டை. இடது கீழ் மூலையில் மடித்த வெள்ளைப் பனியன். என் பனியன் ஒன்றை அவள் மடித்துக் கொடுக்க, பார்த்து வரைந்தது. அடியில் சின்னதாகக் கம்பெனிப் பெயர். சிவப்புப் புள்ளி வெறும் அலங்காரம், அதற்கென்று இன்னொரு வண்ணம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மாதிரிப் பெட்டியைப் பார்த்ததும் முதலாளியின் முகம் பெட்டியைவிடக் கருத்தது.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்குக் கருப்புங்களா? யானை எங்கீங்க? என்ற போட்டோ எங்கீங்க?"

இது போனால் ஆயுசுக்கும் யானைதான். நாற்காலி, உப்பு, பசி என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பாதியிலேயே எழுந்தவர், பெட்டியை முருகன் படத்துக்கு முன்னால் கொண்டுபோனார். எங்கள் பக்கம் தறியோ தையல் மெஷினோ, புதிதாய் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடமாட்டார்கள். கருப்பின் தோஷம் கழியட்டும் என்று அவர் கொஞ்சம் தாராளமாகவே சந்தனத்தை அள்ளி, காலியாய்க் கிடந்த வலது மேல் மூலையில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். "அட! இப்பத்தானுங்க லட்சணமா இருக்குது. இப்படியே அடிச்சிருங்க."

நானும் பார்த்தேன். என் கண் பொட்டிலிருந்து பனியனுக்கும் பனியனிலிருந்து பொட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் விளம்பரத்தை எடுத்து அந்தச் சிவப்புப் புள்ளியை விரலால் மறைத்தேன். பக்கம் செத்துப்போனது. விரலை எடுத்தேன், உயிர் வந்தது.

"எலையில சோறு விழுந்துருச்சுங்களா?" என்றாள் மனைவி.

"விழுந்துருச்சு. போட்டது வேற ஆளு."

பெட்டி நன்றாக ஓடியது. வெள்ளகோவிலில் ஒரு கடை வாசலில் அதை அடுக்கியிருந்ததைக் கண்டு, ஒன்றும் தெரியாதவன்போல விசாரித்தேன்.

"அதுங்களா? மொதலாளியே போட்ட டிசைனுங்க. நல்ல மூளைங்க அவருக்கு" என்றார் கடைக்காரர்.

பஸ்ஸில் ஏறும்வரை கோபம் தாங்கவில்லை. உட்கார இடம் கிடைத்ததும் நியாயமாக யோசித்துப் பார்த்தேன். பொட்டு முதலாளி வைத்தது. கருப்பும் மூலையும் எவனோ சீமைக்காரன் யோசித்தது. இலையும் உப்பும் மனைவி சொன்னது. என்னுடையது என்று அந்தப் பெட்டியில் இருந்தது ஒரு பழைய பனியன். அதை மடித்ததும் அவள்தான்.